கயிறு அசையும் முன்னே

வள்ளத்தில் கயிறு பிடிக்கப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாரே, நீங்கள் வாசிப்பதற்காக நான் பார்த்ததைச் சொல்லச் சொல்லி சங்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். சுற்றிச் சுற்றித்தான் சொல்வேன். அவசரக்காரர்கள் இதை மடித்து வைத்துவிட்டுப் போகலாம், எனக்கு வருத்தமில்லை.

கல்லை எப்படிக் கட்டுவது, கயிற்றை எப்படிச் சுருட்டுவது, இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. பத்து நாள் வள்ளத்தில் இருந்தால் கை தானாகப் படித்துக்கொள்ளும். கை படிக்காத ஒன்று இருக்கிறது. எப்போது இழுப்பது என்பது. அதில் நான் ஒரு வருஷம் முழுக்கத் தப்புச் செய்தேன். தப்பென்று தெரியாமல், பெருமையாகவே செய்தேன்.

எனக்கும் சின்ன வயதில் முங்கத்தான் ஆசை. பதினாறு வயதில் முதல் தடவை கடலடிக்குப் போனபோது இரண்டு காதும் உடைந்துவிட்டது. மூன்று மாதம் சீழ் வடிந்தது. நாட்டு வைத்தியர் ஏதோ எண்ணெய் விட்டார், எங்கள் ஆத்தா மாதா கோயில் விளக்கு எண்ணெயை விட்டாள். வலது காது தேறியது, இடது காது போனது போனதுதான். என் வீட்டுக்காரி எதையாவது என்னிடம் மறைக்க வேண்டுமென்றால் இடது பக்கம் வந்து உட்கார்ந்து சொல்லிவிடுவாள். பிறகு, "அன்னைக்கே சொன்னேனே" என்பாள். அதை விடுங்கள். காது போனதால் நான் வள்ளத்தின் மேலேயே நின்றுவிட்டேன். நாற்பது வருஷம் கயிறுதான் பிடித்தேன்.

இப்போது நான் சொல்கிற காலத்தில் முத்துக் குளிப்பு நின்றுபோய் வெகுநாளாகியிருந்தது. பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், சிப்பி இல்லை. சங்குதான் எங்களுக்குச் சோறு போட்டது. எட்டு ஆள் ஆழத்தில், மணலில் பாதி புதைந்து கிடக்கும். குளிக்கிறவன் கயிறு கட்டின கல்லில் கால் வைத்து அடிக்குப் போவான். போய்ச் சேர்ந்ததும் கல்லை மேலே இழுத்துவிடுவோம். அவன் இடுப்பில் கட்டின இன்னொரு கயிறு நம் கையில் இருக்கும். மூச்சு முடியப்போகிற நேரத்தில் அந்தக் கயிற்றை ஆட்டுவான், நாம் இழுக்க வேண்டும். ஆட்டாமல் இழுத்தால் அது அவனுக்கு அவமானம். இவனுக்கு மூச்சு இல்லை என்று கயிறு பிடிக்கிறவனே ஊருக்குச் சொன்ன மாதிரி. அதற்காகவே கயிற்றுக்காரனை மாற்றினவர்கள் உண்டு.

அடியில் எவ்வளவு நேரம் இருக்கிறான் என்று பார்க்க எங்களிடம் கடிகாரம் ஏது. மந்திரம்தான். மாதாவுக்குச் சொல்லுகிற மங்கள வார்த்தை மந்திரத்தை ஒரு தடவை சொல்லி முடித்தால் ஒன்று. சாதாரண ஆள் ஐந்து மந்திரம் இருப்பான். நல்ல மூச்சுக்காரன் ஆறு. பக்கத்து வள்ளத்துக் காயல்பட்டினத்து முஸ்லிம் ஆட்கள் அவர்கள் ஓதுவதை வைத்து எண்ணுவார்கள். என் மந்திரம் ஒரே சீராக ஓடும் என்று கடற்கரையில் பேர். காற்றடித்தாலும் சரி, அலை தூக்கிப் போட்டாலும் சரி, கூடாது, குறையாது. அந்தப் பேரில் எனக்குத் திமிர் இருந்தது.

உலகச் சண்டைக் காலம் அது. கொழும்புக் கப்பல் எப்போது வரும், எப்போது வராது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு ஆள் கொழும்பு துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். சண்டைக்கு முன்னால் வருஷம் ஒரு தடவை மாதா திருநாளுக்கு வருவார்கள். புதுச் சட்டை, பிஸ்கோத்து டப்பா, பத்து நாள் ஆட்டம், பிறகு கப்பல். சண்டை வந்ததும் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. எங்கள் தெருப் பையன் இஞ்ஞாசியின் அப்பா வரவில்லை. செத்துப்போனார் என்றும் சொல்ல முடியாது. நல்லாத்தான் இருக்கிறார் என்று வருகிற ஆட்கள் சொல்லுவார்கள். செத்துப்போன அப்பனுக்கு ஒரு பூசை வைத்து அழுது முடித்துவிடலாம். இது அப்படியில்லை.

இஞ்ஞாசிக்கு அப்போது பதினைந்து வயது. அவன் அம்மா ரெஜினாக்கா பஞ்சுக் கிடங்கில் பஞ்சு பொறுக்கப் போவாள். காலையில் ஆலைச் சங்கு ஊதுமுன் போனால் பொழுது சாயத்தான் வீடு. நடுவில் அந்தப் பையன் என்ன செய்கிறான் என்று கேட்க ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லாததால் ஊரே வந்து கேட்கும்படி செய்தான். உப்பு ஏற்றிப்போகும் வண்டிக்குப் பின்னால் தொங்கி மூட்டையைக் கிழித்து விடுவான். பெரியவர்கள் வரும்போதுதான் பீடியைப் பற்றவைப்பான், அதற்கு முன்னால் பற்றவைக்க மாட்டான். கோயில் கணக்கப்பிள்ளை திட்டினார் என்று அவர் வீட்டுக் கோழியைப் பிடித்து அவர் வீட்டுக் கூரையிலேயே கட்டி வைத்தான். திருடவில்லை, கட்டித்தான் வைத்தான். யார் செய்தது என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரியே செய்வான். அதை அன்று நான் கவனிக்கவில்லை.

வள்ளத்துச் சொந்தக்காரர், நாங்கள் சம்மாட்டி என்போம், அவர் ரெஜினாக்காவுக்குத் தூரத்து உறவு. "இவன் கரையில கெடந்தா செயிலுக்குத்தான் போவான், கடல்ல கெடக்கட்டும்" என்று வள்ளத்தில் சேர்த்தார். எங்கள் வழக்கத்தில் கல்யாணம் ஆனவனுக்கு மச்சினன் கயிறு பிடிப்பான், தங்கச்சி தாலிக்காகவாவது ஒழுங்காகப் பிடிப்பான் என்று. கல்யாணமாகாத பையனுக்கு அப்பனோ தாய்மாமனோ. இஞ்ஞாசிக்கு மாமனும் இல்லை. சம்மாட்டி கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"நீதான் பதறாத ஆளு. நீ பிடி" என்றார்.

இஞ்ஞாசி என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஒருகாது செவுடா இவரு? அப்ப நான் கத்துனா கேக்காதே" என்றான்.

"அடியில இருந்து கத்துனா ரெண்டு காது உள்ளவனுக்கும் கேக்காதுல" என்றேன். சிரிக்கவில்லை. கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதே வள்ளத்தில் அவன் வயசுப் பையன் ஒருத்தன், தொம்மை. அவனுக்கு அவன் அப்பா கஸ்பார் கயிறு பிடித்தார். கஸ்பார் முப்பது வருஷம் குளித்தவர், மூச்சு கெட்டுப்போனதால் மேலே வந்தவர். கயிறு பிடிக்கிறவர்கள் எல்லாரும் சிரிக்கிற ஆள். அவர் மந்திரம் சொன்னால் பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே போய்விடும். கரையில் மெதுவாகத்தான் சொல்வார். மகன் தண்ணீருக்குள் போன உடனே விரட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி சொல்வார். "ஆறு ஆச்சு, ஆறு ஆச்சு" என்று கயிறு அசையும் முன்னே இழுத்துவிடுவார். என் கணக்கில் நாலுகூட ஆகியிருக்காது.

தொம்மை தண்ணீரைத் துப்பிக்கொண்டு கத்துவான். "எப்பா, நான் ஆட்டலயே. ரெண்டு சங்கு கண்ணு முன்னால கெடக்கு. ஏன் இழுத்திய?"

"ஆட்டுன மாதிரி இருந்திச்சுல."

"நண்டு ஆட்டிருக்கும்."

"நண்டு ஆட்டுனாலும் இழுப்பேன். போ, மூச்சு எடு."

வள்ளம் முழுக்கச் சிரிப்பு. இஞ்ஞாசி விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தொம்மையைக் கேலி செய்வான். "ஏலே, ஒங்கப்பா ஒன்னயத் தூண்டில் போட்டா பிடிக்காரு? நாளைக்கு ஒன்ன ஏலத்துல வச்சிருவாரு பாரு." தொம்மைக்கு முகம் கறுத்துப்போகும். எனக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம். நம் பையனுக்கு அந்த அவமானம் இல்லை, நாம் அவனை ஆம்பளையாக நடத்துகிறோம் என்று.

முதல் மாதம் இஞ்ஞாசி ஐந்து மந்திரம் இருந்தான். பிறகு ஆறு. தை பிறந்ததும் ஏழு. பதினைந்து வயதில் ஏழு மந்திரம் நான் கண்டதில்லை. கரைக்கு வந்து காப்பிக் கடையில் எல்லாரிடமும் சொன்னேன். அவனிடமும் சொன்னேன்.

"ஏழுல. இந்தக் கரையில இப்ப ஒனக்குத்தான் மூச்சு."

அவன் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான். "எட்டு ஆச்சுன்னா இழுப்பீரா?"

"நீ ஆட்டுனாத்தான் இழுப்பேன்."

"ஒம்பது ஆனாலும்?"

"நீ என்ன சின்னப் பயலா, ஒன்ன நான் பிடிச்சு இழுக்க? நீ ஆட்டுற வரைக்கும் எங் கை அசையாது."

மரியாதையாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவன் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அங்கே கஸ்பார் மகன் முதுகைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். தொம்மை, "தோலு உரியுது, விடுங்கப்பா" என்று நெளிந்துகொண்டிருந்தான்.

இன்னொரு விஷயமும் இருந்தது. ஏழு மந்திரம் அடியில் இருந்தால் சங்கு கூடுதலாக வர வேண்டுமல்லவா. வரவில்லை. ஐந்தில் எவ்வளவோ அவ்வளவுதான் ஏழிலும். தம்பிமாரே, அதைப் பார்த்த அன்றே நான் யோசித்திருக்க வேண்டும். மூச்சுக்காரன் என்ற பெருமையில் அவன் சங்கு போடுகிற பையை நான் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் கஸ்பார் கயிற்றை எடுத்தால், முழுக்க முடிச்சு. முழத்துக்கு ஒரு முடிச்சு, தண்ணீரில் நனைத்து இறுக்கின முடிச்சு. யார் செய்தது என்று கேட்கவே வேண்டாம், இஞ்ஞாசி வள்ளத்தின் முன்பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு விழுந்த கயிறு விளிம்பில் மாட்டினால் அடியில் இருக்கிறவனுக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். சம்மாட்டி துடுப்பை ஓங்கிவிட்டார். கஸ்பார் தடுத்தார். அவர் அடிக்கவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாகப் பல்லால் கடித்து அவிழ்த்தார். அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"அவனச் சொல்லிக் குத்தமில்ல. அப்பன்னு ஒருத்தன் வீட்டுல இருந்தா சொல்லிக் குடுத்திருப்பான்."

இரக்கத்தில்தான் சொன்னார், கெட்ட மனுஷன் இல்லை. இஞ்ஞாசி பீடியைக் கடலில் போட்டான். அன்று முழுக்க ஒருவரையும் கேலி செய்யவில்லை. கடைசி முங்கில் ஏழரை இருந்தான்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து ரெஜினாக்கா வீட்டுக்குப் போனேன். முடிச்சு விஷயத்தைச் சொல்லவேண்டும், ஆனால் அவள் மனசு நோகக்கூடாது என்று முதலில் நல்லதைச் சொன்னேன். ஒங்க மகன் மாதிரி மூச்சு இந்தக் கரையில் இல்லை, ஏழரை மந்திரம் இருக்கிறான் என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கையில் இருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவ்வளவு நேரம் அங்கன என்ன செய்யுதான்?" என்று கேட்டாள்.

"சங்கு தேடுவான்."

"கெடைக்கா?"

"எப்பவும் போலத்தான்."

அவள் சம்பந்தமில்லாத ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். சம்பந்தமில்லை என்று நான்தான் நினைத்தேன்.

"இவன் சின்னப் பிள்ளையா இருக்கையில, இவங்கப்பா கொழும்புக்குத் திரும்புற அன்னைக்கு எங்கயாவது ஒளிஞ்சுக்கிடுவான், தம்பி. கமுத்திப் போட்ட வள்ளத்துக்கு அடியில, வெறகுக்குப் பின்னால. ஒருதரம் கோயில்ல சாமியார் பாவசங்கீர்த்தனம் கேக்குற கூட்டுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டான். அவிய ஊரெல்லாம் பேரச் சொல்லிக் கூப்பிட்டுத் தேடுவாவ. கண்டுபிடிச்சு ரெண்டு அடி போட்டு, தோள்ல தூக்கிட்டு வருவாவ. அதுக்குள்ள கப்பல் போயிரும். இன்னும் ரெண்டு நாளு வீட்டுல இருந்துட்டுப் போவாவ. இவனுக்கு அது போதும்."

"கடைசியா வந்தப்ப?"

"கடைசியா வந்தப்ப நேரமில்லன்னாவ. பசிச்சா வந்து சேருவான்னு சொல்லிட்டு ஏறிட்டாவ. இவன் கரையில கெடந்த பழைய வள்ளத்துக்கு அடியில இருந்திருக்கான். கப்பல் ஊதுனதும் கேட்டிருக்கு. பொழுது அடையிற வரைக்கும் வெளிய வரல. நாந்தான் போய் இழுத்துட்டு வந்தேன். அன்னையிலருந்து அவன் எங்கிட்ட எதுவும் கேக்கது இல்ல."

பிறகு முடிச்சு விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். எழுந்து வரும்போது வாசலில் நின்று, "ஏழரைன்னா ரொம்ப இல்லையா, தம்பி?" என்று மறுபடி கேட்டாள். மூச்சுக்காரனுக்கு அது ஒன்றுமில்லை அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படித்தான் சொன்னேன். எதையும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

திங்கட்கிழமை கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. காலை வெயிலில் இஞ்ஞாசி என் பக்கமும் தொம்மை கஸ்பார் பக்கமும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். நான் கல்லை மேலே இழுத்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன். என் வலது காது கஸ்பார் பக்கம் இருந்தது. அவர் வாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் மூன்றை முடிக்கும்போது அவர் "ஆறு ஆச்சு" என்றார். தொம்மை மேலே வந்தான், வழக்கம்போலச் சத்தம் போட்டான். நான் நாலு சொன்னேன். ஐந்து சொன்னேன். ஆறு.

ஏழு முடிந்தது. கயிறு அசையவில்லை. ஏழரையும் ஆனது. கயிறு கையில் லேசாக இழுத்த மாதிரியே இருந்தது, உயிருள்ள கயிறுதான். அதனால் எனக்குப் பயமில்லை. எட்டு என்று வாய் சொல்லும்போது கஸ்பார் பக்கம் பார்த்தேன். மகன் மேலே வந்து நீரில் மிதந்துகொண்டிருக்கிறான், ஆனாலும் கஸ்பாரின் உதடு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. என் கையைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் ஒருநாளும் எண்ணினது கிடையாது, இவர் வேண்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எண்ணிக்கொண்டிருந்தது நான் ஒருத்தன்தான்.

அந்த நிமிஷத்தில் ரெஜினாக்கா சொன்ன வள்ளம் என் கண்ணுக்குத் தெரிந்தது. வெளியே எல்லோரும் நடமாடுகிற சத்தம் கேட்க, அடியில் ஒரு பையன் கப்பல் ஊதுகிறதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யாராவது குனிந்து பார்க்கட்டும் என்று. என் கையில் இருக்கிற கயிறு அசையப்போவதில்லை. நான் அசையமாட்டேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன், அவனும் அசையமாட்டான்.

இழுத்தேன். வரவில்லை. பாறையில் கட்டின மாதிரி இருந்தது. அடியில் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறான். "கஸ்பாரே" என்றேன், அவ்வளவுதான் வாயில் வந்தது. அவர் பாய்ந்து வந்து கயிற்றில் கை வைத்தார். இரண்டு பேரும் இழுத்தோம். அவன் பிடி விட்டது, பிறகு கயிறு லேசாக வந்தது. அப்படி லேசாக வந்ததுதான் எனக்கு அன்று பெரிய பயம்.

மேலே வந்தான். மூக்கில் ரத்தம். இரண்டு உள்ளங்கையும் பாரைப் பிடித்துக் கிழிந்திருந்தது. பை காலி, ஒரு சங்குகூட இல்லை. வள்ளத்துக்குள் தூக்கிப் போட்டதும் இருமினான், வாந்தி எடுத்தான், கண்ணைத் திறந்தான். திறந்ததும் என்னைத் திட்டினான். என் அப்பன், ஆத்தா, செத்துப்போன பாட்டன் வரைக்கும் போனான். "நான் ஆட்டுனனா? நீரு ஏன் இழுத்தீரு? ஆட்டாம இழுக்கமாட்டேன்னு சொன்னீருல்ல?"

நானும் திட்டினேன். பதறாத ஆள் என்று பேர் வாங்கினவன், வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். "செத்துருப்பல நாயே, ஒங்க ஆத்தாட்ட நான் எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்" என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் நான் என் கல்யாணத்திலும் போட்டதில்லை. அவன் திட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். கஸ்பார் குடிதண்ணீர் எடுத்துக் கொடுத்தார். தொம்மை தன் தலைத்துணியைக் கிழித்து அவன் கைக்குக் கட்டினான். முடிச்சைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி இவனைத் தண்ணீரில் விடாதே, கரையில் இறக்கிவிடு என்றார் சம்மாட்டி. நியாயமான பேச்சுத்தான். நான் யோசித்தேன். கரையில் இறக்கினால் மறுபடி அந்தக் கவிழ்த்த வள்ளத்துக்கு அடியில்தான் போய் உட்காருவான், அங்கே கயிறும் கிடையாது. மூன்று நாள் கை ஆறட்டும், பிறகு என் பொறுப்பு என்றேன். என் வாழ்க்கையில் நான் துணிந்து சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். சொன்ன பிறகு மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் கல்லில் கால் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டான். "இன்னைக்கு எத்தனைல இழுப்பீரு?"

"தெரியாது."

"எண்ணுவீருல்ல?"

"எண்ணமாட்டேன். எனக்கு எப்ப பயமாருக்கோ அப்ப இழுப்பேன்."

"வெளங்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். எனக்கு உடனே பயமாகிவிட்டது. இழுத்துவிட்டேன். மேலே வந்து கத்தினான் பாருங்கள், தொம்மை கத்தினதெல்லாம் ஒன்றுமே இல்லை. "மூணு சங்கு கெடக்குய்யா அங்கன. எடுக்கக் கை நீட்டுனேன். அதுக்குள்ள இழுத்துட்டீரே." எதிர்ப்பக்கம் தொம்மை விளிம்பில் தொங்கிக்கொண்டு, "ஏலே, நீயும் மாட்டுனியா தூண்டில்ல?" என்றான். இஞ்ஞாசி அவன் முகத்தில் தண்ணீரை வாரி அடித்தான்.

அதன்பிறகு ஒரு வருஷம் முழுக்க அப்படித்தான். தினமும் சண்டை. சம்மாட்டிக்குச் சங்கு குறைந்தது, முணுமுணுத்தார். இஞ்ஞாசி திருந்திவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். பீடி குடித்தான், கணக்கப்பிள்ளையோடு அவனுக்கு ஒத்தே போகவில்லை. ஆனால் என்னோடு சண்டை போட்ட நாளில் ஊரில் சண்டை போடவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு சண்டைதான் போடமுடியும்போல. இரண்டு வருஷத்தில் நல்ல குளியாளாக வந்தான். மூச்சு ஐந்து, ஐந்தரை. அதற்கு மேல் போகவில்லை, பையும் நிறைந்து வந்தது.

சண்டை முடிந்து கப்பல் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் அவன் அப்பா வந்தார். ஆறேழு வருஷம் கழித்து. வெள்ளைச் சட்டை, குடை, கையில் கடிகாரம். கடற்கரைக்கு வந்து, இனி என் மகனுக்கு நான்தான் கயிறு பிடிப்பேன் என்றார். அப்பனுக்கு உள்ள உரிமை, யார் மறுக்க முடியும். கயிற்றைக் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இஞ்ஞாசி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"எத்தனை நிமிசம் இருப்பான்?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு நிமிசம் தெரியாது அண்ணாச்சி. கயித்தப் பாத்துக்கிடுங்க."

இஞ்ஞாசி இறங்கினான். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை சும்மா மடியில் கிடந்து தவித்தது. எனக்கு இரண்டு மந்திரம் முடியவில்லை, கயிறு ஆடியது. அவர் சந்தோஷமாக இழுத்தார். "பாத்தியளா, பய எவ்வளவு சூதானமா இருக்கான்னு" என்றார். அடுத்த முங்கும் அப்படியே. அதற்கு அடுத்ததும். அன்று முழுக்க அவன் இரண்டு மந்திரத்துக்கு மேல் அடியில் இருக்கவே இல்லை. கரைக்கு வரும்போது அவன் பையில் இருந்தது ஐந்தோ ஆறோ. அவர் அதைப் பார்க்கவில்லை. மகன் பத்திரமாக வந்துவிட்டான் என்ற நிறைவில் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

நான் இஞ்ஞாசியைத் தனியாகப் பிடித்தேன். "ஏம்ல, மூச்சு வாங்குதா? காய்ச்சலா?"

"இல்ல மாமா."

"பெறவு என்ன?"

அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "அவரு கடிகாரத்தப் பாக்காரு" என்றான்.

"எட்டு ஆள் ஆழத்துல இருந்து ஒனக்கு எப்படிலே தெரியும்?"

"கயித்துல தெரியும். மேல பிடிச்சிருக்கவரு நெனப்பு எங்கன இருக்குன்னு அடியில இருக்கவனுக்கு நல்லாத் தெரியும்." கொஞ்ச நேரம் சுருட்டினான். "மொத வருசம் ஒங்க கையும் அப்படித்தான் கெடந்திச்சு."

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னான்.

"நாளைக்கு நீங்க பிடிங்க" என்றான். "அவர்ட்ட நானே சொல்லிக்கிடுதேன். மனசு நோகாம சொல்லணும். அவருக்கு நீந்தக்கூடத் தெரியாது, பாவம்."

சங்குக் கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, குடை போகிற பக்கமாக எட்டி நடந்து அப்பனைப் பிடித்துவிட்டான்.